சிறிய கால்பந்து கிளப்பை நடத்துவது: மைதானம், பணம், போட்டி நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய கால்பந்து கிளப்பில் பதினேழு வருடம் பொறுப்பில் இருந்தேன். முதலில் கேட்டில் டிக்கெட் கிழித்தேன், அப்புறம் பொருளாளர், கடைசியில் செயலாளர். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் போன் செய்து கேட்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சொந்த மைதானம் இல்லாமல் கிளப் நடத்த முடியாதா?

முடியும். எத்தனையோ கிளப்புகள் வாடகை மைதானத்தில் நன்றாகவே நடக்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்கும் வாடகையில் இருந்தால் சுவரில் ஓர் ஆணிகூட நம்பிக்கையோடு அடிக்க முடியாது. இருபது, இருபத்தைந்து வருடக் குத்தகை கையில் இருந்தால் கேலரி கட்டலாம், வடிகால் போடலாம். மானியம் தருகிறவர்கள் முதலில் கேட்பதும் குத்தகைக்கு இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்பதைத்தான்.

கையெழுத்துப் போடும் முன் சில வரிகளைத் தேடிப் பாருங்கள். கூரை ஒழுகினால் யார் செலவு? எல்லைக் கோட்டோரம் வைக்கும் விளம்பரப் பலகையின் பணம் யாருக்கு? டீக்கடை, தின்பண்டக் கடை, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றின் வருமானம் யாருக்கு? உரிமையாளர் இடத்தை விற்றால் குத்தகை தொடருமா? எங்கள் பழைய ஒப்பந்தத்தில் இந்தக் கடைசி வரி இல்லை. அது தெரிய வந்த நாளிலிருந்து புது ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, பதினோரு மாதம், எனக்குச் சரியான தூக்கமில்லை.

மைதானத்தை இழந்த கிளப் என்ன பாடுபடும் என்பதற்கு லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப் போதும். 1991-ல் தங்கள் பிளவ் லேன் மைதானத்தை விட்டு, இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். 2002-ல் கிளப்பையே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அதே கோடையில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பை ஆரம்பித்துக் கீழ்மட்ட லீகிலிருந்து ஏறி வந்தார்கள். பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புது பிளவ் லேனில் முதல் ஆட்டம் ஆடியது 2020 நவம்பரில். விட்டுப் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் நடுவே 29 வருடம்.

சொந்த மைதானம் இருக்கிறது. அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா?

கேலரி கட்டவோ, விளக்குப் போடவோ, அந்தக் கட்டுமானமே கடனை அடைக்கும் வருமானம் தருமானால் யோசிக்கலாம். வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க, பழைய பாக்கியை அடைக்க என்றால் கூடவே கூடாது. சம்பளம் அடுத்த மாதமும் வரும். அடகு வைக்க இரண்டாவது மைதானம் இல்லை.

இங்கிலாந்தின் பெரி கிளப் 1894-லிருந்து லீகில் ஆடியது. கடன் மேல் கடன் ஏறி, கிக் லேன் மைதானமும் அடமானத்தில் கிடந்த நிலையில், 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்புதான் அந்த அணி மேல் டிவிஷனுக்குத் தகுதி பெற்றிருந்தது. களத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே கிளப் செத்துப்போக முடியும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. 2022-ல் ரசிகர்கள் சேர்ந்து மைதானத்தை மீட்டார்கள், 2023-ல் அங்கே மறுபடி ஆட்டம் தொடங்கியது. எல்லா ஊர் ரசிகர்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்காது.

ஒரு சிறிய கிளப்புக்கு வருமானம் எங்கிருந்தெல்லாம் வரும்?

டிக்கெட் பணம்தான் முதுகெலும்பு என்று எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொருளாளரான முதல் வருடம் ஒரு நோட்டில் வருமானத்தைப் பிரித்து எழுதிப் பார்த்தபோது, ஆட்டம் இல்லாத நாட்களில்தான் பாதிக்கு மேல் வந்திருந்தது. சிறுவர் பயிற்சிக் கட்டணம், வாரநாள் மாலைகளில் மைதானத்தை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவது, கிளப் அறையைக் கூட்டங்களுக்குக் கொடுப்பது, உறுப்பினர் சந்தா எல்லாம் அதில் அடக்கம். உங்கள் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் ஒரு முறையாவது பிரித்து எழுதிப் பாருங்கள். எது உங்களை நடத்துகிறது என்று தெரியாமல் எதையும் வளர்க்க முடியாது.

சீசன் டிக்கெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சீசன் தொடங்கும் முன்பே மொத்தமாக வந்துவிடும். பை நிறைந்ததுபோல இருக்கும். அது இன்னும் ஆடாத ஆட்டங்களின் பணம். ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பிறகு அந்தப் பங்கை மட்டும் எடுத்துச் செலவு செய்யுங்கள்.

ஸ்பான்சர் விஷயத்தில், ஒரு பெரிய பெயரைவிடப் பத்துச் சிறிய பெயர்கள் நல்லது. ஒருவர் விலகினால் பத்தில் ஒன்றுதான் போகும். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தை ஒருவருக்குக் கொடுங்கள், கைப்பகுதியை இன்னொருவருக்கு, பயிற்சி உடையை மற்றொருவருக்கு. ஆட்டப் பந்தைக்கூட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் நன்கொடையாகத் தரலாம். அவர் பெயரை மைக்கில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள், அடுத்த வருடமும் வருவார்.

எங்களிடம் பத்து வயதில் வந்த பையன் பெரிய கிளப்புக்குப் போய்விட்டான். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். நிறையக் கிளப்புகளுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபிஃபா விதிப்படி ஒரு தொழில்முறை வீரர் ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுச் சங்கத்துக்குக் கட்டணத்தோடு மாறும்போது, அந்தக் கட்டணத்தில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். ஒற்றுமைப் பங்களிப்பு என்று இதற்குப் பெயர். 12 முதல் 15 வயது வரையுள்ள ஒவ்வொரு சீசனுக்கும் மொத்தக் கட்டணத்தில் 0.25 சதவீதம். 16 முதல் 23 வரை ஒவ்வொரு சீசனுக்கும் 0.5 சதவீதம். அந்தப் பையன் 12, 13, 14, 15 என்று நான்கு சீசனும் உங்களிடம் பதிவாகியிருந்தால் உங்கள் பங்கு 1 சதவீதம். கட்டணம் ஒரு கோடி என்றால் ஒரு லட்சம். 10, 11 வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததற்குக் கணக்கில் இடமில்லை.

இது ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. அவர் மறுபடி வேறு நாட்டுக்குக் கட்டணத்தோடு மாறினால் மறுபடி வரும். ஒப்பந்தம் முடிந்து இலவசமாக மாறினால் வராது, ஏனென்றால் பங்குபோடக் கட்டணமே இல்லை. முதல் முறையாகத் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது பயிற்சி இழப்பீடு என்று இன்னொன்றும் உண்டு, அதற்கு விதிகள் தனி. 2022 நவம்பரிலிருந்து இந்தப் பணத்தைப் பாரிஸில் இருக்கும் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வழியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வீரரின் மின்னணுப் பாஸ்போர்ட்டில் (பயணப் பாஸ்போர்ட் அல்ல, அவருடைய கிளப் பதிவுகளின் பட்டியல்) எந்தெந்தக் கிளப்பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருப்பதை வைத்துத்தான் கணக்கு.

எல்லாம் பதிவில்தான் நிற்கிறது என்பது இதிலிருந்து புரியும். உங்கள் பயிற்சிக்கு வரும் 12 வயதுப் பிள்ளையைச் சங்கத்தில் முறைப்படி பதிவு செய்யாமல், வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் எழுதி வைத்திருந்தால், பத்து வருடம் கழித்து உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. எங்கள் பீரோவில் ஒரு காலத்து விண்ணப்பப் படிவங்கள் கரையான் அரித்து, பிறந்த தேதி இருந்த மூலை மட்டும் மிச்சமாகக் கிடந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு படிவத்தையும் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வைத்தோம்.

பட்ஜெட் எப்படிப் போடுவது?

வருமானத்தைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் எழுதுங்கள். கோப்பைப் போட்டியில் மூன்று சுற்றுத் தாண்டினால் வரும் பணத்தைப் பட்ஜெட்டில் எழுதவே கூடாது, வந்தால் சந்தோஷம். வருட பட்ஜெட்டைவிட மாத பட்ஜெட்தான் உங்களைக் காப்பாற்றும். சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை கேட் வசூல் கிடையாது, ஆனால் மின்கட்டணம், தண்ணீர், புல் பராமரிப்பு எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களைச் சமாளிக்கும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

வீரர்களுக்குப் பணம் கொடுக்கும் கிளப்பாக இருந்தால் ஓர் அளவுகோல் சொல்கிறேன். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ 2025–26 சீசனிலிருந்து அணிச் செலவை வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. கோடிகளில் புரளும் கிளப்புகளுக்கே அந்த வரம்பு. பராமரிப்புக்கு ஆளில்லாத நம் போன்றவர்கள் 50-ஐத் தாண்டினாலே நான் கவலைப்படுவேன்.

ஒரு பணக்காரர் வந்து எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். சரி என்று சொல்லலாமா?

அவர் நல்லவராகவே இருக்கலாம். ஒரே ஒரு கேள்வியை மரியாதையாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: "ஐயா, இது நன்கொடையா, கடனா?" நிறையக் கிளப்புகளில் வருடக்கணக்கில் அன்பளிப்பு என்று நினைத்தது, அவர் மனம் கசந்து விலகும் நாளில் கடனாக மாறி நிற்கிறது. கூடவே, அவர் நாளைக்கே நிறுத்திவிட்டால் எந்தெந்தச் செலவு அப்படியே நின்று போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் வீரர் சம்பளம் இருந்தால் பயப்படுங்கள். அவர் பணத்தை வடிகாலுக்கும் சுவருக்கும் கேளுங்கள். அவர் போனாலும் அது நிற்கும்.

பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டிய கிளப்புகளும் உண்டு. ஸ்பெயினின் எய்பார், சுமார் 27,000 பேர் வாழும் ஊரின் அணி, 2014-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. கடனே இல்லாத கிளப். ஆனால் சட்டம் கேட்ட மூலதனம் கையில் இல்லை. சுமார் 17 லட்சம் யூரோ திரட்டாவிட்டால் கீழே இறக்கிவிடுவார்கள் என்ற நிலை. ஒருவர் 1,00,000 யூரோவுக்கு மேல் பங்கு வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்து, பல நாட்டு ரசிகர்களுக்குச் சிறு பங்குகளாக விற்றுச் சேர்த்தார்கள். பணம் தேவைப்பட்ட நேரத்திலும் ஒருவர் கைக்குக் கிளப் போகாமல் பார்த்துக்கொண்ட அந்த வரம்புதான் எனக்குப் பிடித்தது. ஜெர்மனியில் 1998-லிருந்து இருக்கும் 50+1 விதியும் இதே நினைப்பில் வந்தது. முதலீட்டாளர் வரலாம், ஓட்டில் பெரும்பான்மை உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும்.

பணமே இல்லையென்றால் உழைப்பாகவும் கேட்கலாம். பெர்லினின் யூனியன் கிளப் 2008–09-ல் தன் மைதானத்தைப் புதுப்பித்தபோது 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சம்பளமில்லாமல் வந்து கட்டட வேலை செய்தார்கள்.

கேட் வசூலில் கணக்கு உதைக்கிறது. யாரையும் சந்தேகப்படவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

சந்தேகப்படவே தேவையில்லாதபடி முறையை வைத்துவிடுங்கள். டிக்கெட் புத்தகம் எல்லாவற்றுக்கும் வரிசை எண் இருக்கட்டும். புத்தகத்தைக் கேட்டில் இருப்பவரிடம் கொடுக்கும்போது முதல் எண்ணை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இடைவேளை முடிந்ததும் புத்தகத்தை வாங்கிக் கடைசி எண்ணை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விலையால் பெருக்கினால் பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். சில்லறைக்காகக் காலையில் போட்ட பணத்தைத் தனியாக எழுதுங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான் வரும். எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர், அதுவும் ஒரே வீட்டுக்காரர்களாக இல்லாத இரண்டு பேர்.

இலவசமாக உள்ளே விடுகிறவர்களுக்கும் டிக்கெட் கிழியுங்கள், பூஜ்ய விலையில், வேறு நிறத்தில். உள்ளே மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். அது கணக்குக்காக மட்டும் அல்ல. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

மைதானத்துக்குள் எத்தனை பேரை விடலாம்?

நீங்கள் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

"போன பைனலுக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்பது கணக்கு அல்ல. பிரிட்டனில் 1973-லிருந்து மைதானப் பாதுகாப்புக்குப் பச்சை வழிகாட்டி என்று ஒரு கையேடு வழக்கத்தில் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்னவாக இருந்தாலும் அதன் தர்க்கம் எங்கும் பொருந்தும். நான்கு எண்களைக் கண்டுபிடியுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வர முடியும்? எத்தனை பேர் பாதுகாப்பாக நிற்கவோ உட்காரவோ முடியும்? ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வெளியேற முடியும்? தீ போன்ற ஆபத்தில் எத்தனை பேர் தப்ப முடியும்? இந்த நான்கில் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் கொள்ளளவு.

ஒரு உதாரணம். சுழல் கேட் ஒன்றில் மணிக்கு 660 பேருக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது வழிகாட்டியின் உச்ச வரம்பு. இரண்டு கேட் இருந்தால் 1,320. நிற்கும் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தால் 10 சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 47 பேர். 200 சதுர மீட்டர் இருந்தால் 940. தரை சரிவாக, தடுப்புக் கம்பி இல்லாமல், நிர்வாகம் சுமாராக இருந்தால் இந்த எண்ணைப் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைக்கச் சொல்கிறார்கள். 470 என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் வழிக்கு, சமதரையில் மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர், எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஒரே ஒரு இரண்டு மீட்டர் படிக்கட்டு என்றால் 66 × 2 × 8 = 1,056. ஆபத்து நேரத்து எண்ணிக்கை தீ அபாயத்தைப் பொறுத்து இன்னும் குறையும், ஏனென்றால் அதற்கு இரண்டரை நிமிடம் முதல் எட்டு நிமிடம் வரைதான் கொடுக்கிறார்கள். எளிதில் தீப்பிடிக்கும் கேலரிக்கு இரண்டரை நிமிடம் என்றால் அதே படிக்கட்டு 66 × 2 × 2.5 = 330 பேருக்குத்தான் போதும். ஆக அந்த மைதானத்துக்குள் 330 பேர்தான். 1,320 டிக்கெட் விற்கும் ஆசை எத்தனை பெரிதாக இருந்தாலும் சரி.

பூட்டிய கேட்டின் அகலம் பூஜ்யம். சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தாலும் பூஜ்யம்தான்.

உங்கள் கேட்டின் உண்மையான வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள். ஒரு ஆட்டத்தன்று கடிகாரத்தோடு பத்து நிமிடம் நின்று எண்ணினேன். போனில் டிக்கெட்டைக் காட்டுகிறவர்கள் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, பையில் தேடி, கையைத் துடைத்து நீட்டுவதற்குள் நேரம் போனது. பத்து நிமிடத்தில் 61 பேர். மணிக்கு 366. நாங்கள் நம்பிக்கொண்டிருந்ததில் பாதி.

ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கிறது, கேட்டுக்கு வெளியே கூட்டம் நெருக்குகிறது. என்ன செய்வது?

ஆட்டத்தைத் தள்ளி வையுங்கள். பதினைந்து நிமிடம் தாமதம் என்று மைக்கில் உடனே சொல்லுங்கள், வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. தொடக்க விசில் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயம்தான் பின்னால் இருப்பவரை முன்னால் தள்ள வைக்கிறது. அது போனால் நெருக்கம் தானாகத் தளரும். நடுவரிடமும் எதிரணியிடமும் இப்படி ஒன்று நடக்கலாம் என்று காலையிலேயே சொல்லி வைத்திருங்கள்.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் நிற்கும் பகுதிக்கு 10,100 பேர் டிக்கெட் வாங்கியிருந்தார்கள், அவர்களுக்கு ஏழு சுழல் கேட். 7-ஐ 660-ஆல் பெருக்கிப் பாருங்கள், மணிக்கு 4,620 பேர்தான். வெளியே நெரிசல் முற்றியது. தொடக்கம் தள்ளிவைக்கப்படவில்லை. ஒரு வெளிவாசல் திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்களை ஓரப் பகுதிகளுக்குத் திருப்பிவிட யாரும் இல்லாததால், எல்லோரும் நேர் எதிரே தெரிந்த சுரங்கப் பாதை வழியாக ஏற்கெனவே நிறைந்திருந்த நடுப் பகுதிக்குள் போனார்கள். 97 பேர் இறந்தார்கள். கேட்டைத் திறப்பதாக இருந்தால், திறக்கும் முன் உள்ளே வழிகாட்ட ஆள் நிறுத்துங்கள்.

எல்லோரும் வரும்போதுதான் சிக்கல், போகும்போது என்ன?

போகும்போதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து இறங்கும்போது ஒரு செங்குத்தான படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். கடைசி நேரக் கோல் சத்தம் கேட்டுச் சிலர் திரும்பி ஏறியதால்தான் என்று வெகுகாலம் பேச்சு இருந்தது. விசாரணையில், எல்லோரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்றே தெரிந்தது. யாரோ ஒருவர் தடுக்கி விழுந்தாலே போதும். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் கண்ணீர்ப் புகைக்குப் பயந்து ஓடியவர்கள் வாசல்களில் நெரிபட்டார்கள். 135 பேர் இறந்தார்கள்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே எல்லா வெளிவாசலையும் திறந்து, கதவு அசையாமல் கொக்கி மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒருவரை நிறுத்திவிடுங்கள். படிக்கட்டில் நடுக் கைப்பிடி இல்லையென்றால் போட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு முடியும் ஆட்டமானால், கடைசி ஆள் வாசல் தாண்டும் வரை வெளிப்புற விளக்கை அணைக்காதீர்கள்.

எங்களுடையது பழைய மரக் கேலரி. இடிக்கப் பணமில்லை.

பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள். முடிந்தால் இன்றைக்கே. 1985 மே 11 அன்று பிராட்ஃபர்டின் வேலி பரேட் மைதானத்தில் மரக் கேலரியின் அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த குப்பையில் நெருப்புப் பற்றி, சில நிமிடத்தில் கேலரி முழுவதும் எரிந்தது. பின்பக்க வாசல்கள் பூட்டியிருந்தன. 56 பேர் இறந்தார்கள். இடிக்கப் பணமில்லாத கிளப்பாலும் குப்பையைப் பெருக்க முடியும், பலகை இடுக்கை அடைக்க முடியும், அங்கே புகைபிடிக்கக் கூடாது என்று கண்டிப்பாக நிற்க முடியும், தீயணைப்புக் கருவி வைக்க முடியும். இவற்றைச் செய்து முடிக்கும் வரை அந்தக் கேலரியில் ஆளை ஏற்றாதீர்கள். தீயணைப்புத் துறையையும் நீங்களே அழைத்துக் காட்டுங்கள்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு என்னென்ன வேண்டும்?

எங்கள் மைதானத்தில் வாசலிலிருந்து கேலரி வரை சாய்தளம் போட்டுப் பெருமையாக இருந்தோம். ஒரு நாள் ஓர் அப்பா, சக்கர நாற்காலியில் மகளோடு வந்தார். சாய்தளத்தில் சுலபமாக ஏறினார்கள். இடமும் நல்ல இடம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்தில் முன் வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அந்தப் பெண் அன்று பார்த்ததெல்லாம் முதுகுகள்தான். போகும்போது அவள் கோபப்படவில்லை, "அடுத்த தடவை முன்னாடி விடுவீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே சக்கர நாற்காலி இடத்தை முன் வரிசையைவிட உயரமான மேடையாக மாற்றினோம்.

உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான் என் முழு ஆலோசனை. ஒரு சக்கர நாற்காலியைக் கடன் வாங்கி, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து டிக்கெட் கவுன்டர், கழிப்பறை, இடம், டீக்கடை, மறுபடி வெளியே என்று நீங்களே ஒரு சுற்றுப் போங்கள். சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு (12 அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம்) மேல் செங்குத்தாக இருந்தால் கை வலிக்கும், 1:20 சுகமாக இருக்கும். கவுன்டரின் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம், வாசலில் இருக்கும் இரண்டு அங்குல விளிம்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அந்த இரண்டு அங்குலத்துக்கு ஒரு சட்டி சிமென்ட் போதும்.

உடன் வரும் உதவியாளரிடம் டிக்கெட்டுக்குப் பணம் வாங்காதீர்கள், அவர் இல்லாமல் இவரால் வர முடியாது. அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் இடம் கொடுங்கள். எதிரணி ரசிகர்களில் சக்கர நாற்காலிக்காரருக்கும் இடம் வையுங்கள், இதைப் பலரும் மறக்கிறார்கள். பார்வை இல்லாதவர்களுக்கு ஆட்டத்தை விவரிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு தன்னார்வலர் இருந்தாலே ஆரம்பிக்கலாம். பந்து எங்கே இருக்கிறது என்று இடைவிடாமல் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெண்கள் வருவதே இல்லை. ஆர்வம் இல்லையோ?

கழிப்பறை இருக்கிறதா, தாழ்ப்பாள் போடுகிறதா, தண்ணீர் வருகிறதா, அங்கே போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்வத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இயற்கைப் புல்லா, செயற்கைப் புல்லா?

வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இயற்கைப் புல் ஓய்வு கேட்கும். தினமும் பயிற்சியும் வாடகையும் என்றால் கோல் முனையில் முதல் மாதமே மண் தெரியும். செயற்கைப் புல் நாள் முழுக்கத் தாங்கும், வருமானமும் தரும். ஆனால் "பராமரிப்பே வேண்டாம்" என்று விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள். துலக்க வேண்டும், இழைகளுக்கு நடுவே தூவும் நிரப்புப் பொருளை அடிக்கடி சேர்க்க வேண்டும், வெயிலில் சுடும், சுமார் பத்து வருடத்தில் முழுக்க மாற்ற வேண்டும். முதல் வருடத்திலிருந்தே மாற்றுச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்காதவர்கள் அதை வாங்கக் கூடாது. ரப்பர் துகள் நிரப்பையும் யோசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக் காரணமாக 2031 அக்டோபருக்குப் பிறகு அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது.

இயற்கைப் புல் என்றால் ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஆட்டத்துக்கு முன் கோல் முனையில் பயிற்சி செய்ய விடாதீர்கள், நகர்த்தும் கோல் ஒன்றை ஓரத்தில் வையுங்கள். புதுப் புல் விதைப்பதற்கு முன் வடிகாலைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் எந்தப் புல்லும் நிற்காது.

நகர்த்தும் கோல் கம்பங்களை என்ன செய்வது?

ஆணியடித்தோ எடை வைத்தோ கட்டுங்கள். கால்பந்து ஆட்ட விதிகளின் முதல் விதியிலேயே கோல்கள் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும், நகர்த்தும் கோல்களுக்கும் இது பொருந்தும் என்று இருக்கிறது. பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்குவார்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள். கவிழ்ந்தால் உயிர் போகும். பயிற்சி முடிந்ததும் படுக்க வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

மருத்துவ ஏற்பாடு எந்த அளவுக்கு?

ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது, தலைவரின் வண்டியும் சேர்த்துத்தான். அடுத்து, நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி. இதயம் நின்ற பிறகு மின் அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 2012-ல் ஃபேப்ரிஸ் முவாம்பா, 2021-ல் கிறிஸ்டியன் எரிக்சன் என்ற இரண்டு வீரர்கள் இதயம் நின்று களத்திலேயே சரிந்தார்கள். உடனடி உதவி கிடைத்ததால் இருவரும் பிழைத்தார்கள். கருவியை அலுவலக அறையில் பூட்டி வைக்காதீர்கள், எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் மாட்டுங்கள். பேட்டரியும் ஒட்டும் பட்டையும் காலாவதியாகும், மாதம் ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மழை பெய்தால் ஆட்டத்தை எப்போது ரத்து செய்வது?

எதிரணி பஸ் ஏறும் முன்பு. காலையிலேயே நடுவரையோ, பக்கத்தில் இருக்கும் தகுதியுள்ள ஒருவரையோ அழைத்துப் பாருங்கள். பந்தைத் தலை உயரத்திலிருந்து போட்டு எழும்புகிறதா, உருட்டினால் ஓடுகிறதா என்று நாலைந்து இடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லோரும் போன பிறகு என்ன வேலை இருக்கிறது?

ஒரு சுற்று நடக்க வேண்டும். நான் எப்போதும் எதிரணி உடை மாற்றும் அறையிலிருந்து ஆரம்பிப்பேன். குழாயைத் திறந்து விட்டுப் போயிருப்பார்கள். அப்புறம் கழிப்பறைகள், ஒவ்வொரு கதவையும் தட்டித் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து. ஒரு தடவை ஒரு தாத்தா உள்ளே தாழ்ப்பாள் சிக்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கேலரிக்கு அடியில் டார்ச் அடித்து ஒரு பார்வை. விட்டுப்போன குடை, குழந்தையின் செருப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் தேதியோடு போடுவது. உடைந்த இருக்கை, ஆடும் கைப்பிடி, எரியாத விளக்கு ஆகியவற்றை நோட்டில் எழுதுவது, சரிசெய்யப் போகிறவர் பெயரோடு. கடைசியாக விளக்கை அணைத்து, கேட்டைப் பூட்டி, யாரிடம் சாவி என்று அந்த நோட்டிலேயே எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.